கேமரன் மலையில் ஓர் ஊதுகுழல்

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் மலைப்பாதை தொடங்கிவிடுகிறது. வளைவுகளை எண்ணிக்கொண்டு வருவதாகச் சொன்ன அக்கா, லாத்தா இஸ்கண்டார் அருவி வருவதற்குள் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னிருக்கையில் படிவம் மூன்று படிக்கும் அவருடைய மகன் மட்டும் எந்த வளைவுக்கும் அசையவில்லை. கைப்பேசியில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நீலச் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம், சாம்பல் நிறச் சட்டைக்காரர்கள் மறுபக்கம். ஒருமுறை சுட்டுவிட்டால் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்து, மறுபடி சுட இருபது விநாடி ஆகிறது என்று அவனுக்குக் கோபம்.

"வேற துப்பாக்கி கிடையாதா இதுல?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல இதுதான் மாமா ரொம்ப அட்வான்ஸ்!"

உண்மைதான். நான் கேமரன் மலைக்குப் போக ஆசைப்பட்டதற்கும் அந்தத் துப்பாக்கிக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. ஸ்ட்ராபெரிக்கும் தேநீருக்கும் ஆசைப்பட்டு வருகிற மாமாவாகத்தான் என்னை அவனுக்குத் தெரியும்.

அருவியைச் சுற்றிப் பூர்வகுடி மக்களின் கடைகள். பெத்தாய், காட்டுத் தேன், மூங்கில் குருத்து. கூடவே கையளவு ஊதுகுழல்கள், வண்ணம் பூசியவை. அவை விளையாட்டுச் சாமான்கள். நான் பார்க்க வந்தது மேலே இருந்தது.

ரிங்லெட்டைத் தாண்டினால் தேயிலை தொடங்குகிறது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டம் இங்கேதான். தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர்ப்பலகை சிரிப்பூட்டும். இவ்வளவு தூரம் ஏறி வந்தவனை வாசலிலேயே 'போ' என்கிறதே! ஆனால் இந்தச் சரிவுகளைக் காடாக இருந்த நிலையிலிருந்து பச்சைப் பாயாக மாற்றிய கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். நீராவி உருளை ஒன்று, கோவேறு கழுதைகள் சில, மீதியெல்லாம் மனித உழைப்பு. இன்று கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும்தான் அதிகம். கூடைக்குப் பதில் கத்தரிக்கோல் பொருத்திய பெட்டி. தமிழ்க் குடும்பங்கள் பல கீழே இறங்கிவிட்டன.

இறங்காதவர்களில் ஒருவர் எங்கள் அப்பாவின் பழைய நண்பர். தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது தானா ராத்தாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் சிறுவனாக இருந்தபோது அவசரகாலம். லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி, இரவில் ஊரடங்கு, அரிசிக்கு அளவு. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் தோட்டத்துப் பிள்ளைகளும் பக்கத்துச் செமாய் குடியிருப்புப் பிள்ளைகளும் ஒன்றாகப் பந்து விளையாடியிருக்கிறார்கள். அந்த ஆட்டக்காரர்களில் ஒருவரைப் பார்க்கத்தான் எங்களை அழைத்துப் போனார்.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். எழுபது வயது மதிக்கத்தக்க செமாய் பெரியவர், கால்பந்துச் சட்டையோடு வெளியே வந்தார். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள், இடையிடையே அவர் வாயில் தமிழ்ச் சொற்களும் வந்தன. "சாப்பிட்டாச்சா?" என்பதை எங்களைவிடச் சுத்தமாகச் சொன்னார்.

உத்தரத்தில் தொங்கவிட்டிருந்த குழலை எடுத்து வந்தார். மலாயில் சும்பித்தான், அவர்கள் மொழியில் பிலாவ். என் உயரத்தைவிட நீளம். தூக்கிப் பார்த்தால் எடையே இல்லை. உள்ளே ஒரு குழல், அதற்கு உறையாக வெளியே இன்னொரு குழல். உள் குழலில் ஒரு கணு கூடக் கிடையாது என்பதுதான் விசேஷம். ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே அவ்வளவு நீளமாக வளரும் மூங்கில், உயரமான சில மலைகளில் மட்டுமே கிடைக்கிறது. உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தேன். மறுமுனை வெளிச்சம் நிலவுபோல் வட்டமாகத் தெரிந்தது.

அம்பு என்று சொல்வதைவிட ஊசி என்று சொல்லலாம். பனை இனத்து மட்டையைச் சீவிச் செய்த மெல்லிய குச்சி. பின்முனையில் தக்கையாலான சிறு கூம்பு. முன்முனையில், வேட்டைக்குப் போகும்போது மட்டும், ஈப்போ மரத்துப் பாலைக் காய்ச்சிப் பூசுவார்கள். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். அணிலோ குரங்கோ அடிபட்டால் அந்த நஞ்சு இதயத்தை நிறுத்திவிடும். காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

எங்களுக்கு நஞ்சில்லாத அம்பு. முற்றத்து மரக்கட்டை ஒன்றைக் குறியாக வைத்தார். அக்கா மகன்தான் முதலில் ஊதினான். கன்னம் இரண்டும் பலூனாக உப்பின. அம்பு குழல் வாயிலிருந்து நாலடி தள்ளித் தொப்பென்று விழுந்தது. பெரியவர் சத்தம் போடாமல் சிரித்தார். பிறகு ஒரு மூங்கில் டப்பாவிலிருந்து கூந்தற்பனையில் சுரண்டி எடுத்த பஞ்சைச் சிட்டிகை எடுத்து, அம்புக்குப் பின்னால் திணித்தார். "இப்ப ஊது."

டொக். கட்டையில் அம்பு குத்தி நின்றது. அதே பையன், அதே மூச்சு.

"பஞ்சு என்ன செஞ்சது மாமா?"

நான் எதிர்பார்த்த கேள்வி அதுதான். பஞ்சு எதையும் தள்ளவில்லை. அம்புக்கும் குழலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அடைத்தது, அவ்வளவே. முதல் தடவை அவன் மூச்சில் பாதி அம்பின் ஓரமாக நழுவி வெளியே போய்விட்டது. இரண்டாம் தடவை முழு மூச்சும் அம்பின் முதுகில் விழுந்தது.

இனி அவனுடைய கைப்பேசிப் போருக்கு வருகிறேன்.

பழைய துப்பாக்கிகளின் குழல், ஊதுகுழல் போலவே உள்ளே வழுவழுப்பாக இருக்கும். அதில் ஈய உருண்டையைப் போட்டுச் சுடுவார்கள். உருண்டை குழலைவிடச் சற்றுச் சிறியது. அதனால் சுலபமாக உள்ளே இறங்கும், ஆனால் சுடும்போது சுவரில் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டு வெளியேறும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்பவன்மேல் பட்டால் அது சுட்டவனின் திறமை அல்ல, பட்டவனின் நேரம். இதற்கு மாற்றும் பல நூறு ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. குழலின் உட்சுவரில் திருகு மரை போல வளைந்து செல்லும் வரிகளை வெட்டினால், குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றபடி வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல் சுழலும் குண்டும் திசை மாறாது. ரைஃபிள் என்ற பெயரே அந்த வரிகளால் வந்ததுதான்.

சிக்கல் ஒன்று இருந்தது. குண்டு வரிகளைப் பற்ற வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டைக் குழலின் வாய் வழியாக அடி வரைக்கும் இடித்து இறக்க வேண்டும். எதிரி ஓடி வரும்போது யார் இடித்துக்கொண்டிருப்பது? எனவே வேட்டைக்காரர்களும் சிறப்புப் படைகளும் மட்டுமே ரைஃபிள் வைத்திருந்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு வழுவழுப்புக் குழல்தான். போடும்போது தளர்வாகவும் சுடும்போது இறுக்கமாகவும் இருக்கிற குண்டு வேண்டும். இது நடக்கிற காரியமா?

1820களில் ஜான் நார்ட்டன் என்ற கேப்டன் இதற்கு விடை கண்டார். பிரிட்டிஷ் 34ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர், தென்னிந்தியாவில் பணியாற்றியவர். அங்கே உள்ளூர்க்காரர்கள் ஊதுகுழலால் அடிப்பதைப் பார்த்து, அம்பை வாங்கிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அம்பின் அடியில் மெத்தென்ற தக்கை. ஊதும்போது அது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, காற்று தப்புவதில்லை. தாமரைத் தண்டின் சோறு என்று ஆங்கில நூல்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அது நம்முடைய நெட்டியாக இருக்கும் என்று தோன்றுகிறது. தஞ்சாவூரில் கோபுரமும் மாலையும் செய்கிறார்களே, அந்த நெட்டி.

நார்ட்டன் அதை ஈயத்தில் செய்து பார்த்தார். உருண்டைக்குப் பதில் கூர்முனை கொண்ட நீளக் குண்டு, அடிப்பகுதி கிண்ணம்போல் குடைந்தது. குழலுக்குள் தளர்வாக நழுவி இறங்கும். மருந்து வெடித்ததும் அந்தக் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து வரிகளைக் கவ்விக்கொள்ளும். அவரது மேலிடம் அதை ஏற்கவில்லை. குண்டு என்றால் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அடுத்து 1835இல் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கித் தொழிலாளி, விரிவதற்கு உதவியாக ஓர் ஆப்பு செருகிய குண்டைச் செய்து காட்டினார். அதையும் தள்ளிவிட்டார்கள். கடைசியில் 1849இல் பிரெஞ்சு ராணுவத்தின் க்ளோட் எத்தியன் மினியே, அடியில் இரும்புக் குமிழ் வைத்த குண்டைக் கொண்டுவந்தார். அப்போதுதான் பிரிட்டிஷ் அரசு விழித்துக்கொண்டு மினியேவுக்கு 20,000 பவுண்டு கொடுத்து உரிமையை வாங்கியது. கிரீனர் விடாமல் வழக்காடி, விரியும் குண்டு என்ற எண்ணத்தை முதலில் முன்வைத்தவர் என்ற பேரில் 1,000 பவுண்டு பெற்றார்.

அந்த ஊதுகுழல்காரரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த ஊர் என்றுகூட இல்லை.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பாவின் நண்பர் பாதி மலாயில் செமாய் பெரியவருக்கு மொழிபெயர்த்தார். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் குண்டு எவ்வளவு பெரிசு?" கட்டைவிரல் நுனியைக் காட்டினேன். சுமார் 14.7 மில்லிமீட்டர் குறுக்களவு, 32 கிராம் எடை. அவர் தன் ஊசியைப் பார்த்துக்கொண்டார்.

அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையில் ஜேம்ஸ் பர்ட்டன் மினியேவின் இரும்புக் குமிழும் வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தார். குழிவை ஆழமாக்கினால் வெடிப்பின் அழுத்தமே விரித்துவிடும். செய்வது சுலபம், விலையும் மலிவு. 1855இல் இந்தக் குண்டோடு வரிக்குழல் துப்பாக்கி அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது. அதற்கு ஒப்புதல் கொடுத்த போர்த்துறைச் செயலாளரின் பெயர் ஜெஃபர்சன் டேவிஸ். ஆறே ஆண்டில் அவர் பிரிந்துபோன தென் மாநிலங்களின் அதிபரானார். அவர் ஒப்புதல் அளித்த துப்பாக்கியின் அடுத்த வடிவமான 1861 ஸ்ப்ரிங்ஃபீல்டை வடக்கு லட்சக்கணக்கில் செய்து அவர் படைகள்மேலேயே சுட்டது. போதாததற்கு இங்கிலாந்தின் என்ஃபீல்ட் துப்பாக்கியை இரு தரப்பும் சேர்ந்து சுமார் 9 லட்சம் இறக்குமதி செய்தன.

என்ஃபீல்டில் 900 கஜம் வரைக்கும் குறி வைக்க அளவுகள் பொறித்திருந்தன. இதை வைத்து, ஒரே இரவில் போர் மாறிவிட்டது, தளபதிகள் அது தெரியாமல் பழைய பாணியில் வரிசை வரிசையாகப் படையை அனுப்பிக் கொன்றார்கள் என்று வெகுகாலம் எழுதினார்கள். 1863 ஜூலை 3இல் கெட்டிஸ்பர்க்கில் திறந்த வெளியைக் கடந்து நடந்த சுமார் 12,500 தென்தரப்பு வீரர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை, அல்லது காயத்தோடு திரும்பினார்கள். ஆனால் அண்மைக்கால வரலாற்று ஆய்வாளர்கள், குறிப்பாக ஏர்ல் ஹெஸ், இதை மறுக்கிறார்கள். பெரும்பாலான சண்டைகள் பழைய துப்பாக்கியின் தூரத்திலேயே நடந்தன என்பது அவர்கள் கணக்கு. காரணம் அந்தக் குண்டின் வேகம் குறைவு. விநாடிக்கு 300 மீட்டர் அளவுதான். தொலைவில் உள்ளவனைச் சுட, மாங்காய் அடிக்கிற கல்லைப்போல மேல்நோக்கி வளைத்துச் சுட வேண்டும். 300 கஜத்துக்குக் குறி வைத்தால், இடையில் நிற்பவனின் தலைக்கு மேலே குண்டு பறந்துவிடும். தூரத்தைக் கண்ணால் அளக்கத் தெரிய வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். பண்ணையிலிருந்து நேற்று வந்த பையனுக்கு அந்தப் பயிற்சியை யாரும் கொடுக்கவில்லை.

என் மருமகனின் விளையாட்டில் ஒவ்வொரு குண்டும் நேர்கோட்டில் போகிறது. எனக்கு ஹெஸ் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. முற்றத்தில் அந்தப் பெரியவர் ஊதுவதற்கு முன் எவ்வளவு நேரம் தூரத்தைப் பார்த்தார் என்று கவனித்தவர்களுக்கு அது புரியும். கருவி பாதிதான்.

ஆனால் குண்டு பட்ட உடம்பைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. மெதுவாக வரும் கனமான மெத்தென்ற ஈயம், எலும்பில் பட்டால் தட்டையாகி எலும்பைத் தூளாக்கியது. சேர்த்துக் கட்ட எதுவும் மிஞ்சாது. மருத்துவர்கள் பெரும்பாலும் நாடிய வழி கையை அல்லது காலை எடுப்பது. பல்லாயிரம் பேருக்கு எடுத்தார்கள். அந்தப் போரில் இறந்தவர்கள் சுமார் 6,20,000 என்பது பழைய கணக்கு. 7,50,000 வரை இருக்கலாம் என்கிறது புதிய கணக்கு. அவர்களில் பாதிக்கு மேல் நோயால் இறந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்பே அந்த என்ஃபீல்ட் இந்தியாவுக்கு வந்துவிட்டது. நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் கொழுப்புத் தடவிய தோட்டா இதனுடையதுதான். மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுற்றி, குண்டு வழுக்கி இறங்குவதற்காகக் கொழுப்புத் தடவியிருந்தார்கள். அந்தக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று செய்தி பரவியது. 1857 மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே, மே 10இல் மீரட். கலகம் அடங்கியபின் பிரிட்டிஷார் ஒரு காரியம் செய்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கென்று அதே என்ஃபீல்டைத் துளை அகலமாக்கி, வரிகள் இல்லாமல் வழுவழுப்பாகச் செய்து கொடுத்தார்கள். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வெள்ளைக்காரச் சிப்பாயின் துப்பாக்கி அளவுக்குத் தூரம் அடிக்காது. தென்னிந்திய ஊதுகுழலிலிருந்து பிறந்த குண்டு, தென்னிந்தியச் சிப்பாய்க்கு மட்டும் கிடையாது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான்.

"நம்ம ஊர்லயும் இதெல்லாம் இருந்துச்சா?" என்று அக்கா குழலைத் தடவியபடி கேட்டார். இருந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்களையும் வளரியையும் பற்றி 1924இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். தமிழில் அதற்குச் சுங்குத்தான் என்று பெயர். சும்பித்தான், சுங்குத்தான் – சொல்லிப் பாருங்கள். கடல் தாண்டி வந்த சொல் என்பதற்குக் காதே சாட்சி. நம் முன்னோர் கொழுந்து கிள்ளக் கப்பலேறி வருவதற்குப் பல காலம் முன்பே இந்தக் கரையும் அந்தக் கரையும் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. அங்கே அந்தச் சொல் அகராதியில் மட்டும் தங்கிவிட்டது. இங்கே இன்னும் உத்தரத்தில் தொங்குகிறது.

எத்தனை நாள் தொங்கும் என்று தெரியவில்லை. பெரியவரின் மகன் கீழே காய்கறித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். அந்த நீள மூங்கிலை வெட்டி வர மலைமேல் போக வேண்டும், போக வர இரண்டு நாள் ஆகும். விடுப்பு கிடைப்பதில்லை. கடைசியாக மூங்கில் வெட்டியது எப்போது என்று கேட்டேன். பேரன் பிறந்த வருஷம் என்றார். பேரன் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வயது இருக்கும்.

அக்கா மகன் என் காதோரம் வந்து, "கேளுங்க மாமா, விப்பாரான்னு" என்றான். கேட்டேன். சிறிய குழல்களை வைத்திருந்த மூலையைக் கை காட்டினார். இது வேண்டும் என்று பெரியதைத் தொட்டதும் தலையை ஆட்டிவிட்டார். கோபமில்லை. மூங்கில் இல்லை, இன்னொன்று செய்ய முடியாது, அதனால் தர முடியாது. ஆனால் மூன்று அம்புகளும் ஒரு பிடி பஞ்சும் இலவசமாகக் கொடுத்தார். அப்பாவின் நண்பர் தன் பையிலிருந்த தேயிலைப் பொட்டலம் ஒன்றை அவரிடம் கொடுத்தார். அது இருவருக்கும் பழக்கமான பண்டமாற்று போலிருந்தது.

அன்று மாலை சுங்கை பாலாஸ் தோட்டத்துத் தேநீர்க்கடைப் பலகணியில் உட்கார்ந்திருந்தபோது, சரிவு முழுக்க மேகம் இறங்கியது. பையன் சர்பத் உறிஞ்சும் குழாயில் காகித உருண்டையைப் போட்டு ஊதிப் பார்த்தான். காகிதத்தை எச்சில் தொட்டு நனைத்தபின் அது எதிர் மேசை வரைக்கும் போனது. அந்த மேசைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டது அக்கா.

போகிறவர்களுக்கு இரண்டு சொல். தாப்பா வழி வளைவு அதிகம், குமட்டல் வருகிறவர்கள் ஈப்போ அருகே சிம்பாங் பூலாய் வழியாக ஏறலாம். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் பிரிஞ்சாங்கில் வண்டி நகராது, ஆகவே காலையிலேயே தோட்டங்களை முடித்துக்கொள்ளுங்கள். செமாய் குடியிருப்புகளுக்குத் தெரிந்தவர் துணையோடு, கேட்டுக்கொண்டு போவதே மரியாதை. ஊதிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், பிள்ளைகளிடம் முதலில் இதைச் சொல்லிவையுங்கள்: மூச்சை நிரப்பிக்கொண்டு பிறகுதான் குழலில் வாயை வைக்க வேண்டும். வாயை வைத்தபின் உள்ளே இழுக்கவே கூடாது.